வேற எங்கயாவது கட்டியிருக்கீங்களா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனைப் பார்த்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். என்னிடம் மட்டும் அவரவர் உடம்பைப் பற்றிக் கேட்கிறார்கள். ஈப்போவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், இலையில் சோறு விழுவதற்குள் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்துவார்கள். "அண்ணே, அப்பாவுக்கு ரெண்டு மெடிக்கல் பாலிசி இருக்கு. வெச்சுக்கலாமா? தப்பு ஒண்ணும் இல்லையே?" ஏதோ சின்ன வீட்டு விவகாரம் பேசுவது போலக் கேட்பார்கள்.

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கம்பெனிக்காரன் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதைச் சொல்லிவிட்டு நான் ரசத்துக்குப் போய்விடலாம். ஆனால் இது எனக்கு எப்படி விளங்கியது என்பது கொஞ்சம் நீளமான கதை. போன மாதம் எங்கள் பழைய ஆபீஸ் பிள்ளைகள் ஒரு விருந்து வைத்தார்கள். இப்போது க்ளெய்ம் விசாரணைக்கு யாரும் வீடு தேடிப் போவதில்லையாம். எல்லாம் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடுகிறதாம். "நீங்க வீட்டுக்கே போவீங்களாமே அண்ணே, போயி என்னதான் பண்ணுவீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். காப்பி குடிப்போம் என்றேன். அவள் சிரித்தாள். நான் உண்மையைத்தான் சொன்னேன், அந்தக் காப்பியோடு வந்ததை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். அங்கேயே ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். முதலாளிமார் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஆபீசும் போய்விட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஈப்போவுக்கு வந்து ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். தபால் ஒட்டினேன், பைல் அடுக்கினேன், டைப் அடித்தேன், கடைசியில் க்ளெய்ம் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அந்தப் பயிற்சிக் காலத்தை விவரித்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நானே பாதி நேரம் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

என்னை எழுப்பியவர் எங்கள் கிளை மேனேஜர் மிஸ்டர் பொன்னுத்துரை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஈப்போ வெயிலிலும் கழுத்துப்பட்டையை அவிழ்க்காத மனிதர். பைலை நின்றுகொண்டேதான் படிப்பார். ஒரு கையில் பைல், மறு கை முதுகுக்குப் பின்னால். முடிவு எடுத்த பிறகுதான் உட்காருவார். அதனால் அவர் நாற்காலி கிறீச்சிடும் சத்தத்துக்காக நாங்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்போம்.

அவருக்கு "நினைக்கிறேன்" என்ற சொல்லைக் கண்டால் ஆகாது. என் முதல் ரிப்போர்ட்டில் அந்தச் சொல் வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஐசே, நீர் நினைக்கிறதை ஆர் கேட்டது? நீர் பாத்ததை எழுதும். கேட்டதை எழுதும். நினைக்கிறது என்ர வேலை. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் கூட." நான் அதை எடுத்துவிட்டு "தெரிகிறது" என்று போட்டுக் கொண்டு போனேன். "ஆருக்குத் தெரியுது?" என்று கேட்டார். மூன்றாவது தடவை ரிப்போர்ட் பாதியாகச் சுருங்கி, முதல் தடவையாகப் படிக்கும்படியும் இருந்தது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எந்த க்ளெய்மையும் தள்ளுபடி செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "அந்த ஆளின்ர முகத்தைப் பாத்தனீரோ?" பார்க்கவில்லை என்றால் பைல் மேசைக்குத் திரும்பிவிடும், நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். அப்படித்தான் பேராக் மாநிலம் முழுக்க எனக்கு அத்துப்படியானது. பத்து காஜா, தாப்பா, தெலுக் அன்சன், குவாலா கங்சார் என்று நான் காப்பி குடிக்காத ஊர் இல்லை.

ஜனங்களுக்கு இன்சூரன்ஸ் என்றால் என்ன என்பதும் அப்படிப் போய்த்தான் தெரிந்தது. தோட்டத்தில் கூட்டு போடுவார்கள். நாலைந்து குடும்பங்கள் மாதாமாதம் பணம் போட, முறை வைத்து ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் சீட்டு அது. ஒரு பெரியவர் சில வருஷம் ஒழுங்காக பிரீமியம் கட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் கவுண்டருக்கு வந்தார்.

"எல்லாரும் எடுத்துட்டாங்க போல. என் முறை எப்பங்க?" என்றார்.

"பெரியவரே, ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் பணம் வரும்" என்றேன்.

அவர் யோசித்தார். "எத்தனை நாளு படுக்கணும்? சொன்னா படுத்துருவேன். வீட்டுல சும்மாத்தான் இருக்கேன்."

பொன்னுத்துரை தம் அறையிலிருந்து வெளியே வந்தார். "ஐயா, உமக்கு முறை வரக்கூடாது எண்டுதான் நாங்கள் எல்லாரும் கும்பிடுறம்" என்றார்.

"அப்ப இது தலகீழ் கூட்டு" என்றார் பெரியவர். பொன்னுத்துரை அதை மறுக்கவில்லை. இருபது வருஷ சர்வீஸில் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கம்பெனி வயதானவர்களுக்கென்று ஒரு பாலிசி கொண்டுவந்தது. அதுவரை அறுபது தாண்டியவர்களைக் கண்டால் கம்பெனிகள் தெருவின் அந்தப் பக்கம் போய்விடும். அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது. அதற்கு மேல் தனியார் டாக்டரிடம் போக வேண்டியிருந்தால் கை கொடுக்கும் துணைப் பாலிசி இது. எங்களுடையது ஆபரேஷன் பில்லைக் கொடுக்கும். வேறு சில கம்பெனிகள் ஆஸ்பத்திரியில் படுத்த ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று கையில் கொடுத்தன. இரண்டும் வைத்திருந்தால் இரண்டும் கிடைக்கும், ஒன்றோடு ஒன்று மோதாது. ஒரே பில்லை இரண்டு கம்பெனியிடம் நீட்டி இரண்டு தடவை வாங்க முடியாது, அவ்வளவுதான். இருந்தாலும் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. வேறு பாலிசி ஏதும் உண்டா? உண்டு என்றால் ஒன்றும் குடி முழுகாது. உண்டு என்பதை இல்லை என்று சொன்னால் பாலிசியே ரத்து.

அந்தப் பாலிசி வந்து சில மாதம் கழித்து பாப்பாத்தி அம்மாவின் க்ளெய்ம் என் மேசைக்கு வந்தது. தோட்டத்தில் பால் மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்து ஓய்ந்தவர். பத்து காஜாவில் கணவர் முனியாண்டியோடு பலகை வீட்டில் இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு ஈப்போவில் தனியார் டாக்டரிடம் ஆபரேஷன் ஆகிவிட்டது. இடது கண்ணுக்கு டாக்டர் நாள் குறித்திருந்தார். சிலிம் ரிவரில் லாரி பட்டறை வைத்திருந்த மகன் கணேசன்தான் எங்கள் பாலிசிக்குப் பணம் கட்டியவன். க்ளெய்ம் அனுப்பியதும் அவனே. எல்லாம் சரியாக இருந்தது. பில் மட்டும் அசல் இல்லை. ஆஸ்பத்திரி கவுண்டரில் மறுபடி வாங்கிய நகல்.

அசல் பில் காணோம் என்றால் க்ளெய்ம் கிராணிக்கு மூக்கு அரிக்கும். அப்போது ஈப்போவில் எங்களைப் போன்ற க்ளெய்ம்காரர்கள் எல்லாரும் ஒரு மாமாக் கடையில்தான், தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்தான், மத்தியானம் சாப்பிடுவோம். வேறொரு கம்பெனியின் கோபால் எனக்கு எதிரே உட்கார்ந்து மீன் தலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பாப்பாத்தி என்ற பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தான்.

"கண் ஆபரேஷன்லா? பத்து காஜா? மச்சான், அந்த அசல் பில்லு என் பைல்ல இருக்கு. மவ அனுப்பியிருக்கு, பாரிட் புந்தார்லேருந்து."

ஆக, அம்மாவுக்கு இரண்டு பாலிசி. வடக்கே பாரிட் புந்தாரில் கட்டிக்கொடுத்த மகள் லெட்சுமி, நாள் கணக்கில் பணம் தரும் பாலிசியை முதலில் போட்டிருக்கிறாள். தெற்கே சிலிம் ரிவரில் இருந்த மகன், எங்களுடையதைப் பிறகு போட்டிருக்கிறான். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை என்றும் கோபால் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தான். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் ஆட்டுக்கறி முதலில் யார் இலைக்குப் போனது என்பதில் ஆரம்பித்த சண்டையாம். நான் ஆபீசுக்குத் திரும்பி விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். வேறு பாலிசி ஏதும் உண்டா? இல்லை. எங்கள் ஏஜென்ட் சுப்ராவின் அழகான கையெழுத்து. கீழே பாப்பாத்தி அம்மாவின் கைநாட்டு.

கோலாலம்பூர் தலைமை ஆபீசுக்கு விஷயம் போனது. பதில் சுருக்கமாக வந்தது. உண்மையை மறைத்திருக்கிறார்; க்ளெய்மைத் தள்ளுபடி செய்து பாலிசியை ரத்து செய்யவும். அப்படிச் செய்தால் வலது கண்ணுக்கான பணமும் வராது, இடது கண்ணுக்கும் வழி இருக்காது. அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கு, அதுவும் ஒரு தடவை ரத்தானவருக்கு, இனி எந்தக் கம்பெனியும் ஆபரேஷன் பாலிசி கொடுக்காது.

பொன்னுத்துரை அந்தக் கடிதத்தை நின்றபடி படித்தார். நான் எதிர்பார்த்ததைத்தான் கேட்டார். "அந்த மனுசியின்ர முகத்தைப் பாத்தனீரோ?"

மறுநாள் பத்து காஜா பஸ் ஏறினேன்.

பலகை வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. பாப்பாத்தி அம்மா மெலிந்த, நிமிர்ந்த மனுஷி. ஆபரேஷன் ஆனவர்களுக்கு அப்போது கொடுக்கும் தடித்த கண்ணாடி முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. காப்பி ஊற்றினார். பாதி கிளாசில் விழுந்தது, பாதி மேசையில்.

"மன்னிச்சிரு தம்பி. எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. வெட்டுன கண்ணுல பெருசா, வெட்டாத கண்ணுல சின்னதா. நீ ரெண்டு பேரு வந்துருக்க. எந்தக் கிளாசுல ஊத்துறதுன்னு தெரியல."

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முனியாண்டி தலையைத் தூக்கினார். "என்னையும் அப்படித்தான் சொல்றா. பெரியவரு, சின்னவருன்னு. சின்னவருகிட்டதான் சிரிச்சிப் பேசுறா."

"சின்னவருதான் மங்கலாத் தெரியுறாரு" என்றார் பாப்பாத்தி அம்மா.

விளையாட்டாகச் சொன்னாலும் அது விளையாட்டில்லை. டாக்டர் அதைத்தான் சொல்லியிருந்தார். ஒரு கண்ணோடு நிறுத்தினால் இரண்டு உருவமும் ஒட்டாது; இடது கண்ணையும் செய்து அதே மாதிரிக் கண்ணாடி போட்டால்தான் ஒன்றாகும். அதற்குள் பாப்பாத்தி அம்மா வாசற்படியில் ஒருதரம் விழுந்திருந்தார். முழங்கையில் காய்ந்த புண் இருந்தது. எந்தப் படியில் காலை வைப்பது என்று தெரியவில்லையாம். எனக்கு அந்தப் புண்ணைப் பார்த்ததும் கையிலிருந்த பைல் கனத்தது.

ஆனாலும் விசாரணைக்கு ஒரு வரிசை உண்டு. பெயர், வயது, எந்தத் தோட்டம், என்ன ஆபரேஷன், யார் கூட்டிப் போனது. பொன்னுத்துரை கற்றுக்கொடுத்த முறை, ஏஜென்ட் கேட்டதை ஏஜென்ட் கேட்டபடியே கேட்க வேண்டும் என்பது. வேறு பாலிசி உண்டா என்பதை எங்கள் ஏஜென்ட்டுகள் எல்லாரும் எப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படியே கேட்டேன்.

"அம்மா, வேற எங்கயாவது கட்டியிருக்கீங்களா?"

பாப்பாத்தி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய பிறகு என்னைச் சரியாகப் பார்த்திருக்க முடியாது. ஆனால் முறைப்பு குறி தவறவில்லை.

"என்ன தம்பி, ஒங்க கம்பெனிக்காரங்களுக்கு வேற கேள்வியே கெடையாதா? அன்னைக்கி வந்தானே ஒருத்தன், செண்டு பூசிக்கிட்டு, அவனும் இதையேதான் கேட்டான். புருசனைப் பக்கத்துல ஒக்கார வெச்சிக்கிட்டு ஒரு பொம்பளைகிட்ட கேக்குற கேள்வியா இது? ஒன் வயசு என்ன, என் வயசு என்ன?"

முனியாண்டி பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை. அவர் பேப்பரை இறக்கி, கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "வேற புருசன் கட்டியிருக்கியான்னு கேட்டா அவ சும்மா விடுவாளா தம்பி" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. பிரீமியத்தையும் கட்டுகிறோம், புருசனையும் கட்டுகிறோம். ஏழெட்டு வருஷம் க்ளெய்ம் பார்த்தவன் நான். அந்தக் கேள்வியை நூறு தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவை கூட அது என் காதில் விழவில்லை.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். "அவருகிட்ட நீங்க என்ன சொன்னீங்க? அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

"நல்லாக் குடுத்தேன். இந்த வயசுல ஒண்ணையே வெச்சிக் காப்பாத்த முடியல, இதுல இன்னொண்ணு வேறயான்னு கேட்டேன். வாயை மூடிக்கிட்டு எழுதிக்கிட்டான்."

"அப்ப எனக்குப் பொரையேறிருச்சு" என்றார் முனியாண்டி. "அந்தாளு முதுகுல தட்டிவிட்டாரு. நல்ல மனுசன்."

நான் கேள்வியை மாற்றினேன். "அம்மா, ஒங்க பேருல வேற கம்பெனியில இன்சூரன்ஸ் இருக்கா?"

அவர் முகம் சட்டென்று மாறியது. வாசல் பக்கம் திரும்பினார். யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இருக்கு. மவ போட்டது. மாசாமாசம் அவதான் கட்டுறா. ஆஸ்பத்திரியிலேருந்து வந்தன்னிக்கு அந்தப் பெரிய பில்லை அவதான் எடுத்துக்கிட்டுப் போனா. கணேசன்கிட்ட எங்கயோ தொலஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன். தம்பி, அவன்கிட்ட சொல்லிராத லா."

ஏன் என்று கேட்க நினைத்தேன். அது விசாரணை வரிசையில் இல்லை. காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பொன்னுத்துரை என் ரிப்போர்ட்டைப் படித்தார். ஒரு இடத்தில் கூட "நினைக்கிறேன்" இல்லை. ஆனால் அவர் உட்காரவில்லை. "இது அவ சொல்லுறது. உண்மையாவும் இருக்கும், கெட்டிக்காரத்தனமாவும் இருக்கும். சுப்ராவைக் கூப்பிடும். ஒண்டும் சொல்லாதையும். நான் கேக்கிறன்."

சுப்ரா ஹோண்டா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஆள் வருவதற்கு முன் செண்டு வாசனை வந்தது. பாப்பாத்தி என்ற பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"மறக்க முடியுமா சார்? அன்னைக்கி என் மோட்டார் செயின் கழண்டுபோச்சு. அந்த மவன் பையன் வாசல்லயே படுத்துச் சரிபண்ணிக் குடுத்தான், காசு கூட வாங்கல."

"அந்த மனுசியிட்ட வேற பாலிசி இருக்கோ எண்டு கேட்டனீரோ?"

"கேக்காமயா சார்? ஒழுங்காக் கேட்டேன். ஒண்ணையே வெச்சிக் காப்பாத்த முடியல, இதுல இன்னொண்ணு வேறயான்னாங்க. பிரீமியம் கட்டவே கஷ்டப்படுறாங்க போலன்னு நெனச்சேன். மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. இல்லன்னு எழுதிட்டேன்."

வார்த்தைக்கு வார்த்தை அதே பதில். அந்த இருவரும் விண்ணப்பம் எழுதிய நாளுக்குப் பிறகு சந்திக்கவே இல்லை. பொன்னுத்துரை முதுகுக்குப் பின்னாலிருந்த கையை முன்னால் கொண்டுவந்தார்.

"நீர் கேட்ட கேள்வி என்ன? அப்பிடியே சொல்லும்."

"வேற எங்கயாவது கட்டியிருக்கீங்களான்னு கேட்டேன், சார்."

"ஐசே," என்றார் பொன்னுத்துரை மெதுவாக, "அதே கேள்வியை என்ர மனுசியிட்டப் போய்க் கேளும். பிறகு உயிரோட வந்தா சொல்லும்."

சுப்ரா முழித்தான். பிறகு வாயைப் பிளந்தான். பிறகு, "அதான் அந்த ஐயாவுக்குப் பொரையேறிச்சா?" என்றான். அன்றைக்குத்தான் பொன்னுத்துரை சிரித்து நான் முதல் தடவையாகப் பார்த்தேன். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு சிரித்தார். நாற்காலி கிறீச்சிட்டது. வெளியே ஆபீசில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

சிரித்து முடித்த பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. இதைக் கோலாலம்பூருக்கு இங்கிலீஷில் எழுதியாக வேண்டும். அங்கே க்ளெய்ம் தலைமையில் இருந்த மிஸ் லிம்முக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. காலையிலிருந்து மத்தியானம் வரை இருவரும் உட்கார்ந்தோம். கட்டு என்றால் பணம் செலுத்துவது, கயிற்றால் கட்டுவது, வீடு எழுப்புவது, கல்யாணம் செய்வது என்று எழுதினோம். படித்துப் பார்த்தால் தமிழர்கள் பைத்தியம் என்று படும் போலிருந்தது. இருந்தாலும் அனுப்பினோம். பதில் வந்தது: காப்புறுதி பெற்றவர் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணம் செய்தவரா, அப்படியென்றால் ஆவணம் இணைக்கவும்.

பொன்னுத்துரை போனை எடுத்தார். அவருடைய இங்கிலீஷ் கறாரானது. அதை இங்கே தமிழில் தருகிறேன். "மிஸ் லிம், அந்த அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு அவர் உண்மையான பதில் சொன்னார். நமக்கு வேண்டிய கேள்வியை நாம் கேட்கவே இல்லை. ஏஜென்ட்டின் வாய் கம்பெனியின் வாய். நம்முடைய வார்த்தை இரண்டு பக்கம் திரும்பினால், அதில் வரும் நன்மை நமக்கில்லை, கைநாட்டு வைத்தவருக்கு. இது நான் கண்டுபிடித்த சட்டமில்லை. நீங்கள் பரீட்சைக்குப் படித்த சட்டம்." பிறகு மிஸ் லிம் ஏதோ கேட்டார். "இல்லை," என்றார் பொன்னுத்துரை, "ஒரே கணவர்தான். நானே உறுதி செய்கிறேன்."

க்ளெய்ம் பாஸாயிற்று. பாலிசி பிழைத்தது. மகள் போட்ட பாலிசியையும் எங்கள் பதிவில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கான கடிதம் பணம் கட்டும் மகனுக்குப் போகுமா என்று நான் இழுத்தேன். பொன்னுத்துரை நிமிர்ந்து பார்த்தார். "பாலிசி ஆரின்ர பேரில?" அம்மாவின் பேரில் என்றேன். "அப்ப கடிதமும் அம்மாவுக்குத்தான். பிள்ளைக்கு ஏன்?" அதோடு எல்லா ஏஜென்ட்டுக்கும் ஓர் உத்தரவு போனது. இனி அந்தக் கேள்வியில் கட்டு என்ற சொல் வரக்கூடாது. சுப்ராவுக்கு கட்டு சுப்ரா என்று பெயர் நிலைத்துவிட்டது. அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்தப் பெயரை வைத்தே மேலும் நாலு பாலிசி பிடித்தான்.

இடது கண் ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி வந்த பிறகு, பதிவில் கைநாட்டு வாங்க நானே பத்து காஜா போனேன். பாப்பாத்தி அம்மா வாசலில் நின்றபடி என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நீயா தம்பி அன்னைக்கி வந்த? இம்புட்டு ஒல்லியா இருக்க. அன்னைக்கி ரெண்டு பேராத் தெரிஞ்சியே."

காப்பி ஊற்றினார். ஒரு சொட்டு மேசையில் விழவில்லை. க்ளெய்ம் வேலையில் ஓர் ஆளின் கையில் பலனைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். பெரும்பாலும் நாங்கள் பார்ப்பது பைல் மூடப்படுவதைத்தான்.

அவர் கைநாட்டு வைத்தார். மையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எனக்குள் அத்தனை நாள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். பைல் மூடியாகிவிட்டது, இனி எதைச் சொன்னாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

"அம்மா, அன்னைக்கி அந்த ஆளு தெளிவாவே கேட்டிருந்தா? வேற இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்."

தெளிவாகக் கேட்டு, இல்லை என்று சொல்லியிருந்தால் பொன்னுத்துரையாலும் அந்தக் கண்ணைக் காப்பாற்றியிருக்க முடியாது. அதை அவரிடம் சொன்னேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. கணேசன் வாசல்ல மோட்டாருக்குக் கீழ படுத்துக் கெடந்தான். கதவு தொறந்திருக்கு. அவனுக்குக் காது கேக்கும்லா."

"கேட்டா என்னம்மா? தங்கச்சிதானே போட்டுருக்கு. சந்தோசம்தானே படுவாரு?"

பாப்பாத்தி அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் மெதுவாகச் சொன்னார். "சந்தோசம்தான் படுவான். அவ பாத்துக்குறான்னு விட்டுருவான். அவளுக்குத் தெரிஞ்சா, அண்ணன் பாத்துக்குறான்னு அவளும் விட்டுருவா. ரெண்டு பேரும் நல்ல பிள்ளைங்கதான். தெரியாம இருக்கறதுனாலதான் ரெண்டு பேரும் மாசாமாசம் வந்து பாக்குறாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிஞ்சா எனக்கு ஒருத்தருமே இருக்க மாட்டாங்க."

மூலையிலிருந்து முனியாண்டி பேப்பரை இறக்கினார்.

"நான் ஒருத்தன் இருக்கேன்லா. என்னை எந்தக் கணக்குல வெச்சிருக்க?"

பாப்பாத்தி அம்மா புதுக் கண்ணாடி வழியாகத் திரும்பி அவரை ஒரே ஆளாகப் பார்த்தார்.

"ஒங்களை எப்பவோ கட்டி முடிச்சாச்சு" என்றார். "நீங்க எங்கயும் போவ முடியாது."